கல் குடித்த கைகள்

கல்லச்சு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இறைச்சி ஆணத்தில், அதாவது குழம்பில் இருந்துதான் தொடங்குவேன். ஆணம் ஆறியதும் மேலே எண்ணெய் தனியாக மிதக்கும். எத்தனை தரம் அகப்பை போட்டுக் கலக்கினாலும் அது தண்ணீரோடு சேராது. அந்தப் பகையை வைத்துக்கொண்டுதான் அந்தக் கலை முழுவதும் நடக்கிறது. மட்டமாக அரைத்த சுண்ணக்கல்லில், கொழுப்புச் சேர்த்துச் செய்த கறுப்புக் குச்சியால் படம் கீற வேண்டும். பிசின் கரைசல் பூசி, கல்லை நனைத்து, மை உருளையை உருட்ட வேண்டும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். கொழுப்புப் பட்ட இடம் மட்டும் மையை வாங்கிக்கொள்ளும். மேலே கடதாசியை வைத்து அழுத்தினால் படம் இடம் வலம் மாறி வந்துவிடும். செதுக்கவும் வேண்டாம், குடையவும் வேண்டாம்.

ஜேர்மன்காரன் கண்டுபிடித்தான், பிரெஞ்சுக்காரன் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லுவார். செப்புத் தகட்டில் கீறிப் பழக்கமில்லாத ஓவியர்களுக்கெல்லாம் இந்தக் கல் பெருநாள் கொண்டாட்டமாகிவிட்டதாம். கடதாசியில் கீறுகிற மாதிரியே கீறலாம் அல்லவா? குதிரை, போர்க்களம், நாடகக்காரி எல்லாம் பாரிஸ் நகரத்துக் கல்லில் ஏறின. பத்திரிகைக்காரர்கள் அரசனையே கேலி செய்து கல்லில் ஏற்ற, கீறினவனைப் பிடித்து உள்ளே போட்டார்களாம். விரிவுரையாளர் பிரான்சில் போய் அந்தப் பழைய முறையைப் படித்து வந்தவர். சிங்களப் பெண்மணி. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். அவர் காட்டிய அந்தக் காலத்துப் படங்களில் எனக்குப் பிடித்தது அந்தக் கருமைதான். கரித்தூள் தொட்ட மாதிரி, ஊதினால் பறந்துவிடும் போல ஒரு கருமை. அதைப் பார்த்த நாளிலிருந்து வேறு எதிலும் என் மனம் ஒட்டவில்லை.

கல்முனைக்குடியிலிருந்து படம் கீறப் படிக்கவென்று கொழும்புக்குப் போனவள் நான். மகள் என்ன படிக்கிறாள், டொக்டருக்கா, எஞ்சினியருக்கா என்று கேட்பவர்களிடம் வாப்பா, "அவள் கெம்பஸ்ஸில படிக்கிறாள்" என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளுவார். உம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. "படம் கீறுறாளாம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, "உசிர் உள்ளதக் கீற மாட்டாள்" என்று தானாக ஒரு வாக்குறுதியும் சேர்த்துக் கொடுப்பார். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு முகம் தொங்கியதில்லை. தொங்கியதெல்லாம் கலண்டரும் கஃபாவும்தான்.

நான் இறுதி வருடத்தில் இருந்தபோது வாப்பா மௌத்தானார். வெள்ளாமை வெட்டுக் காலம். வயலுக்குப் போக வெளிக்கிட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் இருந்தார், அவ்வளவுதான். நான் கொழும்பிலிருந்து வந்து சேரவும் அடக்கத்துக்கு எடுக்கவும் சரியாக இருந்தது. அதன் பிறகு உம்மா இத்தா இருக்கத் தொடங்கினார். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அவசரத் தேவை என்றால் மட்டும் வெளியே போகலாம். அவருக்கு முன்பிருந்தே இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, பக்கத்தில் நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் பிடிப்பார். அவரைத் தனியே விட்டு நான் எங்கே போவது? கெம்பஸ்ஸுக்கு அறிவித்துவிட்டு வீட்டோடு நின்றேன்.

வாப்பா போய்ச் சில வாரங்களுக்குள் மாமா ஓடித்திரிந்து உம்மாவின் கண்ணை வெட்டி ஒப்பரேசன் செய்ய நாள் எடுத்துவிட்டார். மாமா உம்மாவின் தம்பி, மௌலவி. உம்மாவை ராத்தா, ராத்தா என்று சுற்றி வருவார். கல்முனை ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மற்றக் கண் என்று முடிவானது. முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுகிற வுழூவைத் தண்ணீர் இல்லாமல் செய்ய முடியாது. ஆகவே உம்மா தயம்மும் செய்தார். தண்ணீருக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணில் இரண்டு உள்ளங்கையையும் அடித்து, முகத்தையும் கையையும் தடவிக்கொள்வதுதான் தயம்மும். கண்ணை மூடிய பிளாஸ்டிக் மூடியில் படாமல் நெற்றியிலும் தாடையிலும் விரல் நுனியால் மெல்லத் தொடுவார். அதற்கென்று சலித்த மண்ணை ஒரு மண்தட்டில் பரப்பி அவருடைய கட்டிலடியில் வைத்துக் கொடுத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கல் வந்தது. இறுதி வருட வேலையை வீட்டிலிருந்தே முடிக்கட்டும் என்று மிஸ் ஒரு சின்னக் கல்லை அரைத்து, சாக்கில் சுற்றி, ஊருக்கு வந்த என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டிருந்தார். "அம்மிக்கல்லுக்கு அங்க பஞ்சமா தங்கச்சி?" என்று பஸ் கொண்டக்டர் கேட்டாராம். ஒரு பெரிய கொப்பியின் அகலம், சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், தடவினால் பட்டுப் போல. தடவக்கூடாது என்பதுதான் மிஸ்ஸின் முதல் சட்டம். விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசையே போதும், கல் அதைக் குடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மை உருட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வீடு முழுக்க வந்துபோகிற சனம். பிஸ்கட் பெட்டியும் கையுமாக மௌத்து வீட்டுக்கு வருகிற பெண்களின் பிள்ளைகள் கண்டதையும் கிண்டுவார்கள். ஆகவே கல்லை உம்மாவின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தட்டையான முக்காலியில் வைத்து ஒரு பழைய சீலையால் மூடினேன். மூடினதோடு சரி. பல வாரம் அதைத் திறக்கவில்லை. வாப்பாவின் செருப்பு வாசலில் கிடக்க, எனக்குப் படம் கீற வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

இப்போது நினைத்தால் அந்த நாட்கள் எனக்கு இனிக்கின்றன. துக்க வீட்டு நாளை இனிக்கிறது என்று சொல்லலாமா தெரியாது. ஆனால் உம்மாவும் நானும் அப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததில்லை. மாலையில் கடற்காற்று உள்ளே வரும். நான் கண்ணுக்கு மருந்து விடுவேன். உம்மா, "ரெண்டு சொட்டு எண்டா ரெண்டு சொட்டு, ஊத்தாத" என்று அதட்டுவார். மருந்து காயும் வரை அவர் தலையை என் மடியில் வைத்திருக்க, ஆலையடிவேம்புப் பக்கம் நடக்கிற வெள்ளாமை வெட்டு முதல் ஊர்க்கதை வரை கதைப்போம். வாப்பாவைப் பற்றி மட்டும் அவர் கதைக்க மாட்டார். தொழுதுவிட்டு முசல்லாப் பாயிலேயே நெடுநேரம் கையேந்தி இருப்பார். வாப்பாவுக்கான வேண்டுதல்தான், துஆதான் அவ்வளவு நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது கண்ணும் வெட்டி முடிந்து, இத்தாவும் முடிகிற காலம் நெருங்கியபோதுதான் எனக்குக் கை வந்தது. கரைவலை இழுத்து முடித்த பிறகு கடற்கரையில் சுருட்டிப் போடுகிற கயிற்றுக் குவியலை முன்பே கொப்பியில் கீறி வைத்திருந்தேன். அதைக் கல்லில் ஏற்றினேன். மிஸ் காய்ச்சித் தந்த குச்சி கல்லின் மேல் நடந்தபோது எழுந்த அந்தச் சின்ன உரசல் சத்தத்துக்காகவே இன்னொரு தரம் பிறக்கலாம். பிசின் பூசி, காயவிட்டு, அடுத்த நாள் காலையில் மை உருட்டினேன்.

முதலில் கயிறு எழும்பியது. நல்ல கருமை. பிறகு கயிற்றின் மேல் ஏதோ புகை மாதிரி எழும்பியது. இன்னும் உருட்டினேன். புகைக்குள் விரல்கள். வலப்பக்கம் ஒரு கூட்டம், இடப்பக்கம் ஒரு கூட்டம். ஒரு சோடிக் கை இல்லை. கைக்கு மேல் கை, அதற்கு மேல் கை, விரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமும்தான்.

"உம்மா, இந்தக் கல்லில ஆரு கை வச்ச?"

உம்மா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் இருந்தார். "நான்தான். ஏன்?"

"ஏனா?"

"தயம்மும் தட்டு அண்டைக்கே உடைஞ்சி போச்சி மனே. பூனை தட்டி உட்டிட்டு. உன்ட கல்லு கைக்கிட்ட கிடந்திச்சி. நல்ல மட்டமான கல்லு. மண்ண ஒரு நுள்ளுத் தூவிச் செஞ்சிட்டு, சீலையால துடைச்சி மூடி வச்சிருவன். ஒரு தூசி மிச்சம் உடல்ல."

"எப்ப இருந்து?"

"முதல் கண் வெட்டினதில இருந்து."

ஐந்து வேளையும். முழங்கால் வலிக்குத் தைலம் தடவுகிற கை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை எங்கள் தெருவே அறியும். கத்தினேன். என் படம் பாழ், என் வருடம் பாழ், புதுத் தட்டு ஒன்று கேட்டால் தந்திருக்க மாட்டேனா என்று பொரிந்து தள்ளினேன். அதோடு நிற்காமல் படித்த திமிரில் பாடமும் எடுத்தேன். "இது கல்லு எண்டு நினைக்காதிங்க உம்மா, இது கொழுப்பக் குடிக்கும். மேல அரைச்செடுத்தாலும் சில நேரம் உள்ளுக்க நிக்கும். முந்திக் கீறின படம்கூடத் திரும்பி எழும்பும். குச்சியே கொழுப்பிலதான் செய்யிற!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? உம்மாவின் முகம் மாறியது.

"குச்சியில கொழுப்பா? என்ன கொழுப்பு?"

"தெரியா."

"பண்டிக் கொழுப்பா?"

எனக்கு உண்மையாகவே தெரியாது. கொழுப்பு என்றால் கொழுப்பு, நான் கேட்டதே இல்லை.

உம்மா கணக்குப் போட்டு முடித்துவிட்டார். கல்லில் முந்தியே பன்றிக் கொழுப்பு ஊறியிருந்தால் கல் நஜீஸ், அசுத்தம். அதில் செய்த தயம்மும் செல்லாது. தயம்மும் செல்லாவிட்டால் தொழுகை செல்லாது. அத்தனை வாரத் தொழுகையும். "அப்ப நான் அவருக்காகக் கையேந்தினது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாமாவைக் கூப்பிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்தார். கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

"துஆக் கேக்க வுழூ வேணுமெண்டு உங்களுக்கு ஆரு ராத்தா சொன்ன? நீங்க கேட்ட துஆ கேட்டதுதான்."

"தொழுகை?"

"தெரியாமச் செஞ்சதுக்கு அல்லாஹ் பிடிக்க மாட்டான்."

"இப்ப தெரிஞ்சிட்டே."

மாமா தாடியைத் தடவினார். "எங்கட பழைய அறபுத் தமிழ்க் கிதாபு புத்தகமெல்லாம் கல்லச்சுத்தான் ராத்தா. எங்கட உம்மாட பெட்டிக்குள்ள கிடந்த மௌலூதுக் கிதாபும் அப்பிடித்தான். அந்த மையில என்ன கொழுப்பெண்டு ஆராவது கேட்டாங்களா?"

"கேட்டிருக்கோணும்" என்றார் உம்மா.

மாமா என்னிடம் அந்தக் கொழுப்பு என்னதென்று விசாரிக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார்.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். எப்படிச் சொல்வது? உங்கள் கல்லில் என் உம்மா தொழுகைக்குக் கை அடித்தார், உங்கள் குச்சியில் என்ன மிருகம் இருக்கிறது? அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிக்கவில்லை. அந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை. கல் அவர் பிரான்சிலிருந்து புதிதாகவே வாங்கி வந்தது, அவர் காய்ச்சிய குச்சி தவிர வேறொன்றும் அதில் பட்டதில்லை என்றார். மெழுகு, சவர்க்காரம், புகைக்கரி, கொழுப்பு. கொழுப்பை வாங்கி வருகிறவர் அவருடைய வேலைக்காரர். எந்தக் கடையில் வாங்கினார், எந்தக் கொழுப்பு என்று கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த ஆள் ஊருக்குப் போயிருந்தார்.

காத்திருந்த அந்த இடைவெளியில், எதற்கும் இருக்கட்டும் என்று மெல்லிய கடதாசி வைத்து, அகப்பையின் முதுகால் தேய்த்து, சில பிரதிகள் எடுத்தேன். ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். என் தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய கை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் கிடந்த கை. இத்தாவுக்காக மோதிரமும் காப்பும் கழற்றிய கை. எங்கள் வீட்டில் யாரையும் கீறக்கூடாது என்று சொன்னவர் தன்னைத் தானே கீறி வைத்திருந்தார், ஐந்து வேளையும், விடியற்காலைச் சுபஹும் இரவு இஷாவும் ஒன்றின் மேல் ஒன்றாக. கயிற்றுக்கு மேலே அந்தக் கைகள் எதையோ இழுத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தன. என் படம் பாழ் என்று கத்தியதை நினைக்க வெட்கமாக இருந்தது. அதைவிட நல்ல படம் நான் அதற்குப் பிறகும் அடித்ததில்லை.

உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுகமான கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"மறுமையில நாம செஞ்சதக் கைதான் கதைக்குமாம்" என்றார். "இது இப்பவே கதைக்கத் தொடங்கிட்டுது."

"என்ன கதைக்குது?"

"அது எனக்கும் படைச்ச றப்புக்கும்" என்று கடதாசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

எனக்கு ஒரு பொய் நாக்கு நுனியில் நின்றது. ஆட்டுக் கொழுப்பாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. உம்மா அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினார். இரவில் புரண்டு படுத்தார். சொல்லிவிடலாம் என்று அறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். தொழுகை விசயத்தில் பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மிஸ்ஸின் போன் வந்தது. ஆட்டுக் கொழுப்பு. பழைய பிரெஞ்சுக் குறிப்பில் ஆட்டுக் கொழுப்பு என்றே இருப்பதால் அவர் அதைத்தான் வாங்கி வரச் சொல்வாராம். வேலைக்காரரும் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில்தான் வாங்கியிருக்கிறார். ஒரு முஸ்லிம் இறைச்சிக் கடையில். நான் போனை வைக்காமலே, "மாமா! பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த ஆடு!" என்று கத்தினேன். அன்று வந்திருந்த மாமா, "பாருங்க ராத்தா, அந்த ஆட்டுக்கும் நல்ல மௌத்து, உங்கட தொழுகைக்கும் சேதமில்ல" என்றார். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அன்று இரவு சோறு போட்டுச் சாப்பிட்டார். பிரச்சினை முடிந்தது என்று நான் நினைத்தேன். கல்லையும் அரைத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் இனி முகத்தில் தண்ணீர் படலாம் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து உம்மா குழாயடியில் நெடுநேரம் நின்று வுழூச் செய்தார். பகல் தொழுகை, லுஹர் தொழுதார். ஸலாம் கொடுத்து முடித்தார். உடனே எழும்பி இன்னொரு தரம் தக்பீர் கட்டித் தொடங்கினார். அது முடிய இன்னொரு தரம். கழாத் தொழுகிறார் என்று எனக்கு விளங்கியது. விட்டுப்போன தொழுகையைத்தான் அப்படித் திருப்பித் தொழுவார்கள். அவருக்கு விட்டுப்போனது எது?

இடையில் மூச்சு வாங்க இருந்தபோது கேட்டேன். "உம்மா, ஆட்டுக் கொழுப்பெண்டுதானே சொன்னாங்க? கல்லு சுத்தந்தானே?"

"ஓம். கல்லு சுத்தம்" என்றார். "நான்தான் சுத்தமில்ல."

நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அவருக்குத் துஆக் கேக்கிறன் எண்டு நீங்க எல்லாரும் நினைச்சிங்க. நான் ஒண்டும் கேக்கல்ல மனே. கையேந்திக்கிட்டுக் கோவத்திலதான் இருந்தன். அவர மன்னிச்சிடு எண்டு ஒரு நாளும் வாய் வரல்ல." முந்தானையால் முகத்துத் தண்ணீரைத் துடைத்தார். "கண்ண வெட்டித் தாங்க, வெட்டித் தாங்க எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன்? வெள்ளாமை முடியட்டும் எண்டார். மறுகாவும் கேட்டா அடுத்த வெள்ளாமை எண்டார். கடைசியா முகத்தப் பாருங்க எண்டு கபன் துணிய விலக்கிக் காட்டினாங்க. எனக்கு என்ன தெரிஞ்ச? துணியும் வெள்ளை, முகமும் வெள்ளை. அழாம நிண்டன் எண்டு எல்லாரும் சபூர்க்காரி, பொறுமைக்காரி எண்டாங்க. அழுறதுக்கு எனக்கு முகம் தெரியல்லடி. அவர் போன கையோட எல்லாரும் ஓடி ஓடிக் கண்ணத் திறந்து உட்டிங்க. இனி ஆரப் பாக்க?"

"போனில வாப்பாட படம் இரிக்கி உம்மா" என்றேன்.

"அது உசிரோட இருந்த மனிசன்ட முகம். அதோட நான் வாழ்ந்தவ, எனக்குத் தெரியும். நான் பாக்காம உட்டது மற்ற முகம்."

பிறகு எழும்பி மிச்சத்தையும் தொழுதார். நான் போகாமல் அங்கேயே இருந்தேன். முடிந்ததும் கையேந்தினார். இந்தத் தரம் வாய் அசைந்தது. எங்கள் ஊரில் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லுவதில்லை. எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து உம்மாவுக்கு வாப்பா 'அவர்'தான், கோபம் வந்தால் 'உன்ட வாப்பா'. அன்று லுஹருக்குப் பிறகு உம்மா அவருடைய பெயரைச் சொன்னார். ஆள் மாறிவிடக்கூடாது என்பது போல, இன்னாருடைய மகன் இன்னார் என்று வாப்பாவின் வாப்பா பெயரையும் சேர்த்து, தெளிவாகச் சொன்னார். அவரை மன்னித்துவிடு என்று கேட்டார்.

கை இறங்கவில்லை. "நானும் மன்னிச்சிட்டன்" என்றார்.